நுழைவுத் தேர்வை மறுபடி எழுதினால் மருத்துவக் கல்லூரி அதை எப்படிப் பார்க்கிறது?

நீட் முடிவு வெளிவந்த கையோடு, இடம் கிடைக்காத பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். இன்னொரு வருடம் டிராப் போடலாமா? போட்டால், இரண்டாவது முறை, மூன்றாவது முறை எழுதியவர் என்று கல்லூரியில் குறைத்து நினைப்பார்களா? இணையத்தில் தேடினால் முன்னுக்குப் பின் முரணான பதில்கள் வருகின்றன. எத்தனை முறை எழுதினாலும் கவலையில்லை என்கிறது ஒன்று. மூன்றைத் தாண்டினால் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள் என்கிறது மற்றொன்று. இரண்டுமே பொய்யில்லை. முதல் பதில் இந்தியாவின் நீட் தேர்வுக்கு உரியது. அடுத்தது அமெரிக்காவின் எம்கேட் தேர்வுக்கு உரியது. ஊர் பெயர் இல்லாமல் அறிவுரை மட்டும் பரவுவதால் வரும் குழப்பம் இது.

## இடத்தைக் கொடுப்பது யார்?

மருத்துவ இடம் யாருக்கு என்று முடிவு செய்ய, பெரும்பாலான நாடுகளில் இரண்டு வழிகள் உண்டு.

1. பட்டியல் வழி. தேர்வு மதிப்பெண்ணை வைத்து எல்லோரையும் மேலிருந்து கீழாக அடுக்குவார்கள். இடஒதுக்கீட்டு விதிகளின்படி அந்தப் பட்டியலில் இருந்து இடங்கள் நிரம்பும். கல்லூரிக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை.

2. குழு வழி. கல்லூரியின் சேர்க்கைக் குழு ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடுத்துப் படிக்கும். தேர்வு மதிப்பெண், பட்டப்படிப்பு மதிப்பெண், மருத்துவமனை அனுபவம், பரிந்துரைக் கடிதம், நேர்காணல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும்.

பட்டியலுக்கு நினைவாற்றல் கிடையாது. இந்த ஆண்டு எண் மட்டுமே அதற்குத் தெரியும். குழுவில் இருப்பவர்கள் மனிதர்கள். பழைய எண்கள் கண்ணில் பட்டால் அவர்கள் அதிலிருந்து ஒரு கதையை உருவாக்கிக்கொள்வார்கள். "மறுபடி எழுதுவது நல்லதா கெட்டதா" என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை மாறுவது முக்கியமாக இதனால்தான். மருத்துவக் கல்லூரிகள் விடாமுயற்சியை மதிக்கின்றனவா என்ற தத்துவ விசாரத்துக்கு அதில் சிறிய பங்குதான்.

மேலே போகுமுன் மூன்று விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. தேர்வை மறுபடி எழுதுவது ஒன்று. கல்லூரிக்கு மறுபடி விண்ணப்பிப்பது வேறொன்று. பழைய மதிப்பெண் எத்தனை ஆண்டு செல்லும் என்பது மூன்றாவது. இந்தியாவில் நீட் மதிப்பெண் உள்நாட்டுச் சேர்க்கைக்கு அந்த ஓர் ஆண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால் மூன்றும் ஒன்றாகவே நடந்துவிடுகின்றன. அமெரிக்காவில் மூன்றும் தனித்தனி.

## நீட்: கல்லூரிக்குத் தெரிய வழியே இல்லை

தேசியத் தேர்வு முகமை தேர்வை நடத்தி, 720-க்கு மதிப்பெண் போட்டு, அகில இந்தியத் தரவரிசை கொடுக்கிறது. அகில இந்திய ஒதுக்கீடு, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கு மத்தியக் கலந்தாய்வுக் குழுவும், மாநில இடங்களுக்கு அந்தந்த மாநிலத்தின் தேர்வுக் குழுவும் கலந்தாய்வு நடத்துகின்றன. தரவரிசை, இடஒதுக்கீட்டுப் பிரிவு, மாணவர் கொடுத்த விருப்பப் பட்டியல் மூன்றையும் வைத்து இடம் ஒதுக்கப்படுகிறது. கல்லூரிக்கு வந்து சேர்வது ஒதுக்கீட்டு ஆணை மட்டுமே. சான்றிதழ்களைச் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது.

இருவர் ஒரே மதிப்பெண் எடுத்தாலும் எத்தனையாவது முறை என்று பார்ப்பதில்லை. முதலில் உயிரியல் மதிப்பெண், அடுத்து வேதியியல், அடுத்து இயற்பியல், அதன்பின் தவறான விடைகளின் விகிதம் என்று போகிறது. பிளஸ் டூ முடித்த ஆண்டைப் பார்த்தால் ஒருவர் ரிப்பீட்டர் என்பதை ஊகிக்கலாம். ஊகித்து ஒன்றும் செய்ய முடியாது.

முயற்சிகளுக்கு வரம்பு போடும் பேச்சு எழாமல் இல்லை. 2017-இல் அதிகபட்சம் மூன்று முறை என்ற விதி வந்தது. பழைய தேர்வுகளைச் சேர்க்காமல் 2017-ஐ முதல் முறையாக எண்ணுவோம் என்ற விளக்கமும் வந்தது. அந்த வரம்பு நிலைக்கவில்லை. அடுத்து வேறு வழியில் முயன்றார்கள். 2018-இல் பொதுப்பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று வயது உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது. வழக்குகள் நடந்தன. கடைசியில் 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் வயது உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. இன்றைய நிலை: சேரும் ஆண்டின் டிசம்பர் 31-இல் 17 வயது நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கும் நீட் தகுதி தேவை. அவர்களுக்கு மட்டும் அந்தத் தகுதி மூன்று ஆண்டுகள் செல்லும்.

ஆக நீட்டில் பதிவாகித் துரத்திக்கொண்டு வருவது முயற்சி எண்ணிக்கை இல்லை. வேறொன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. அகில இந்தியக் கலந்தாய்வின் கடைசியில் வரும் காலியிடச் சுற்றில் இடம் பெற்றுக்கொண்டு சேராமல் விட்டால், வைப்புத்தொகை போவதோடு அடுத்த ஆண்டு நீட் எழுதவும் தடை வரும். எத்தனை முறை எழுதினாலும் கேட்காத அமைப்பு, ஓர் இடத்தை வீணாக்கினால் மட்டும் கேட்கிறது. டிராப் போடும் எண்ணம் இருப்பவர்கள் அந்தச் சுற்றில் விளையாட்டாகப் பெயர் கொடுக்கக் கூடாது.

நம் ஊரிலும் கல்லூரியே ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலம் இருந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி தானே நுழைவுத் தேர்வும் நேர்காணலும் நடத்தி மாணவர்களைச் சேர்த்துவந்தது. நீட் கட்டாயமானதை எதிர்த்து 2017-இல் தன் நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பியது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. கல்லூரி மாணவரைப் "பார்க்கும்" வாய்ப்பு அதோடு இந்தியாவில் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

## போன வருட மதிப்பெண்ணோடு ஒப்பிடலாமா?

மறுபடி எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய கணக்குப் பிழை இங்கேதான் நடக்கிறது. 2024-இல் முழு மதிப்பெண்ணான 720-ஐ எடுத்தவர்களே பலர். 2025-இல் வினாத்தாள் கடினம், முக்கியமாக இயற்பியல். அந்த ஆண்டின் முதலிடமே 686. பொதுப்பிரிவுக்கான தகுதி மதிப்பெண்ணும் 162-இல் இருந்து 144-க்கு இறங்கியது. முதல் ஆண்டைவிடப் பல பத்து மதிப்பெண் குறைவாக எடுத்த ஒருவர் அடுத்த ஆண்டில் அதைவிட நல்ல தரவரிசையில் நின்றிருக்க முடியும். வீட்டில் "போன தடவையைவிடக் குறைஞ்சுடுச்சே" என்று திட்டு வாங்கியிருப்பார், பாவம்.

நீட்டில் ஆண்டுக்கு ஆண்டு வினாத்தாள் கடினத்தைச் சமன்செய்யும் முறை கிடையாது. எனவே மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடாமல், தரவரிசையைத் தரவரிசையோடு ஒப்பிட வேண்டும். அதைவிடவும் பயன் தருவது, தன் பிரிவில் தன் மாநிலத்தில் கடைசி இடம் எந்தத் தரவரிசையில் மூடப்பட்டது என்று பார்ப்பது. அந்த எல்லையில் இருந்து எவ்வளவு தூரம் என்பதே இன்னொரு வருடம் தகுமா என்ற கேள்விக்கு நேர்மையான அளவுகோல்.

## கல்லூரி பார்க்காவிட்டாலும் பட்டியல் நகர்கிறது

ஒவ்வொருவரும் தன்னளவில் பார்த்தால் மறுபடி எழுதுவதில் நஷ்டம் காலமும் பணமும்தான். எல்லோரும் சேர்ந்து செய்யும்போது விளைவு வேறு. முதல் முறை எழுதும் மாணவர் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கும் நீட்டுக்கும் ஒரே நேரத்தில் படிக்கிறார். ரிப்பீட்டருக்கு நீட் மட்டும்தான், ஒரு முழு ஆண்டு. இருவரும் ஒரே வரிசையில் நிற்கும்போது கட்-ஆஃப் மேலே போவதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டில் இது எவ்வளவு வேகமாக நடந்தது என்பதற்கு, நீட்டின் தாக்கத்தை ஆராய மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் கொடுத்த அறிக்கையில் எண்கள் உண்டு. 2016-17-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 12.47 விழுக்காடு. 2020-21-இல் 71.42 விழுக்காடு. நான்கு ஆண்டில் தலைகீழ்.

இந்த எண்ணை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். இடம் கிடைத்த நூறு பேரில் எழுபத்தோரு பேர் ரிப்பீட்டர்கள் என்பதுதான் இதன் பொருள். மறுபடி எழுதிய நூறு பேரில் எழுபத்தோரு பேருக்கு இடம் கிடைத்தது என்று பொருளில்லை. தனியார் கோச்சிங் விளம்பரங்களில் இந்த இரண்டையும் குழப்புவது வசதியாக இருக்கிறது. டிராப் போட்டு இரண்டாம் முறையும் இடம் கிடைக்காதவர்கள் சேர்க்கைப் புள்ளிவிவரத்தில் வரமாட்டார்கள்.

இந்தச் சண்டை தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. மாநில நுழைவுத் தேர்வு இருந்த நாள்களில் இம்ப்ரூவ்மெண்ட் என்று ஒரு வழி இருந்தது. பிளஸ் டூ பாடங்களை மறுபடி எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டு அடுத்த ஆண்டு போட்டிக்கு வரலாம். வசதியுள்ள குடும்பங்களுக்கே இது உதவுகிறது, புதிதாக முடித்து வரும் கிராமத்து மாணவர் பின்தள்ளப்படுகிறார் என்ற புகார் வலுத்தது. 2005-இல் நுழைவுத் தேர்வை நீக்க அரசு ஆணை போட்டபோது இம்ப்ரூவ்மெண்ட் முறையையும் சேர்த்தே நீக்கியது. இன்று ரிப்பீட்டர்களைப் பற்றி எழும் புகார் அதே புகார்தான், தேர்வின் பெயர் மாறியிருக்கிறது.

அதற்காக மறுமுயற்சிக்குப் பூட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2020-இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது அது. அவர்களில் பலருக்குப் பள்ளி நாள்களில் கோச்சிங் வாசனையே கிடையாது. பள்ளி முடிந்த பிறகு வரும் ஆண்டுதான் உண்மையில் அவர்களது முதல் ஆயத்தம். நகரத்து மாணவர் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிய வேலையை அவர் பதினெட்டு வயதில் தொடங்குகிறார். முயற்சி எண்ணிக்கையை மட்டும் வெட்டினால் முதலில் அடிபடுவது அவர்தான்.

## அமெரிக்கா: எல்லா எண்ணும் மேசைமேல்

அமெரிக்காவில் மருத்துவம் பட்டப்படிப்புக்குப் பிந்தைய படிப்பு. நான்கு ஆண்டு பட்டம், அப்புறம் எம்கேட், அப்புறம் விண்ணப்பம். தேர்வை நடத்துவது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை. மொத்தம் 472 முதல் 528 வரை, நடுப்புள்ளி 500. தேர்வு நாள் இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம் நீளும். கல்லூரியில் சேர்ந்தவர்களின் சராசரி அண்மை ஆண்டுகளில் 512-ஐ ஒட்டி இருக்கிறது. இங்கே நீட்டைப் போல் அல்லாமல் வெவ்வேறு நாள் வினாத்தாள்களின் கடினத்தைச் சமன்செய்தே மதிப்பெண் போடுகிறார்கள். எனவே இரண்டு ஆண்டு மதிப்பெண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். குழுக்கள் ஒப்பிடுவதும் அதனால்தான்.

விதிகள் சுருக்கமாக:

1. ஒரு தேர்வு ஆண்டில் மூன்று முறை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறை. அதற்குமேல் எழுத முடியாது.

2. பதிவு செய்துவிட்டுத் தேர்வுக்குப் போகாமல் இருந்தாலும் ஒரு முயற்சி கழிந்தது.

3. தேர்வு முடிந்ததும் திரையில் "மதிப்பிட வேண்டாம்" என்று ரத்து செய்யலாம். அப்படிச் செய்தால் மதிப்பெண் வராது, கல்லூரிகளுக்கும் தெரியாது. முயற்சிக் கணக்கில் மட்டும் ஏறிவிடும்.

4. மதிப்பிடப்பட்ட எந்த எண்ணையும் மறைக்க முடியாது. பொது விண்ணப்ப அமைப்பில் விண்ணப்பித்தால் 2003-க்குப் பிந்தைய எல்லா மதிப்பெண்களும் தானாகவே கல்லூரிகளுக்குப் போகும். நல்லதை மட்டும் அனுப்பும் வசதி இல்லை.

5. பழைய மதிப்பெண்ணைப் பெரும்பாலான கல்லூரிகள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வரை ஏற்கின்றன.

நான்காவது விதிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. குழு முன்னால் மூன்று எண்கள் கிடக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது? இதற்குப் பொதுவிதி கிடையாது, கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். ஒரு கற்பனை மாணவியை வைத்துப் பார்க்கலாம். முதல் முறை பகுதிவாரியாக 124, 128, 125, 127. மொத்தம் 504. இரண்டாம் முறை 127, 126, 128, 127. மொத்தம் 508.

- உயர்ந்த மொத்தத்தை எடுக்கும் கல்லூரிக்கு அவர் 508.
- கடைசி முறையை எடுக்கும் கல்லூரிக்கும் 508.
- சராசரி பார்க்கும் கல்லூரிக்கு 506.
- ஒவ்வொரு பகுதியிலும் சிறந்ததைப் பொறுக்கிச் சேர்க்கும் கல்லூரிக்கு 127, 128, 128, 127, அதாவது 510.
- எல்லாவற்றையும் பரப்பிவைத்துப் போக்கைப் பார்க்கும் கல்லூரிக்கு அவர் ஓர் எண்ணே இல்லை. அறிவியல் பகுதிகள் இரண்டும் (முதலாவதும் மூன்றாவதும்) மூன்று மூன்று புள்ளி ஏறியிருக்கின்றன, வாசித்துப் பகுத்தாயும் இரண்டாவது பகுதி இரண்டு புள்ளி இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

ஒரே மாணவி, அதே இரண்டு தேர்வுகள், 506 முதல் 510 வரை. எனவே "இரண்டாம் முறை எழுதினால் என்ன ஆகும்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, விண்ணப்பிக்கப் போகும் கல்லூரிகளின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து அவர்கள் எந்த வழியில் கணக்கிடுகிறார்கள் என்று பார்ப்பது மேல்.

## குழு எண்ணுக்குள் எதைத் தேடுகிறது?

எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் துல்லியமான அளவீடு கிடையாது. அதே மாணவர் அதே ஆயத்தத்தோடு அடுத்த வாரம் எழுதினால் எண் சற்று மாறும். எம்கேட் மதிப்பெண் அறிக்கையிலேயே மொத்தத்துக்கு இரண்டு புள்ளி மேலே, இரண்டு புள்ளி கீழே என்று ஒரு நம்பக எல்லை போட்டுத்தான் கொடுக்கிறார்கள். 508 என்றால் உண்மைத் திறன் 506-க்கும் 510-க்கும் இடையில் எங்கோ இருக்கக்கூடும்.

இதில் இருந்து சில விளைவுகள் கிளைக்கின்றன.

முதலாவது, ஓரிரு புள்ளி ஏற்றம் ஏற்றமே அல்ல. 508-இல் இருந்து 509-க்குப் போவதற்கு மறுபடி மூன்று மாதம் படித்ததை அனுபவமுள்ள குழு உறுப்பினர் பலவீனமான முடிவாகவே பார்ப்பார், படிப்புத் திறமையைப் பற்றி இல்லாவிட்டாலும் பகுத்தறியும் திறமையைப் பற்றி. மறுபடி எழுதுகிறவர்களின் இடைநிலை ஏற்றம் பொதுவாக இரண்டு மூன்று புள்ளிதான். முதல் எண் உயரமாக இருந்தால் ஏற்றம் அதைவிடச் சுருங்கும். பத்துப் புள்ளி ஏறியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் அதைப் பற்றி எழுதுகிறார்கள், நாம் அவர்கள் எழுதியதைத்தான் படிக்கிறோம்.

இரண்டாவது, பல முறை எழுதி அவற்றில் உயர்ந்ததை எடுத்தால், அந்த எண்ணில் திறனோடு அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். ஐந்து முறை எழுதியவரின் சிறந்த நாளையும் ஒரே முறை எழுதியவரின் ஒரே நாளையும் நேருக்கு நேர் வைப்பது சரியான ஒப்பீடாகாது. சில கல்லூரிகள் சராசரி பார்ப்பதற்கு இந்தப் புள்ளியியல் காரணம் இருக்கிறது, கடுமை காட்டும் நோக்கமில்லை.

மூன்றாவது, இறக்கம் ஏற்றத்தைவிட உரக்கப் பேசும். 507 எடுத்தவர் மறுபடி எழுதி 503 எடுத்தால், முதல் எண் அதிர்ஷ்டமோ என்ற ஐயம் வருகிறது. முதல் மதிப்பெண்ணே போதுமான உயரத்தில் இருந்தவருக்கு இது தேவையில்லாத ஆபத்து. மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து மேலே நிற்கும்வரை மறுபடி பதிவு செய்யாதீர்கள் என்று ஆலோசகர்கள் சொல்வது இதனால்தான்.

எத்தனை முறை என்பதற்கு எழுதப்பட்ட எல்லை எந்தக் குழுவிலும் ஒரே மாதிரி இல்லை. நடைமுறையில், இரண்டாம் முறை மிகச் சாதாரணம், யாரும் புருவம் உயர்த்துவதில்லை. மூன்றாம் முறைக்குக் காரணம் கேட்பார்கள். நான்கு, ஐந்து என்று போகும்போது எண் ஏறியிருந்தாலும் வேறு கேள்வி எழும்: மருத்துவக் கல்லூரிக்குள் இரண்டாம் வாய்ப்பு அரிதாகக் கிடைக்கும் தேர்வுகள் வரிசையாக வருமே, அங்கே என்ன செய்வார்?

இந்தக் கேள்விக்கு மாணவர் வைக்க வேண்டிய பதில் "விடாமுயற்சி" என்ற சொல் கிடையாது. அதை எல்லோரும் எழுதுகிறார்கள். முதல் முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் என்ன மாறியது என்பதே பதில். முழுநேர வேலையோடு படித்தவர் வேலையைக் குறைத்துக்கொண்டாரா, உயிர்வேதியியலைக் கல்லூரியில் முறையாகப் படித்து முடித்த பிறகு எழுதினாரா, உடல்நலச் சிக்கல் இருந்து சரியானதா? ஒரு மாத இடைவெளியில் எதுவும் மாறாமல் மறுபடி எழுதிய இரண்டாம் முயற்சியைவிட, ஓர் ஆண்டு இடைவெளியில் காரணத்தோடு எழுதிய மூன்றாம் முயற்சி நன்றாகப் படிக்கப்படும்.

பணத்தையும் மறக்க முடியாது. ஒரு முறை எழுத 300 டாலருக்கு மேல் கட்டணம், அதற்கான படிப்புச் செலவு வேறு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகைத் திட்டம் உண்டு. ஆனாலும் உயர்ந்த எண்ணை மட்டும் பார்க்கும் கல்லூரி, மூன்று முறை எழுத வசதி உள்ளவருக்கு மூன்று லாட்டரிச் சீட்டு கொடுக்கிறது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. சராசரி பார்க்கும் கல்லூரியோ, முதல் முறை வழிகாட்ட ஆளில்லாமல் அரைகுறை ஆயத்தத்தோடு உட்கார்ந்தவரை அந்த நாளோடு கட்டிப்போடுகிறது. இரண்டில் எது நியாயம் என்பது தீராத வழக்கு.

மறுவிண்ணப்பம் தனி விஷயம் என்று முன்பே சொன்னேன். ஒரே கல்லூரிக்கு அடுத்த ஆண்டும் விண்ணப்பித்தால், முன்பு விண்ணப்பித்தீர்களா, அதன்பின் என்ன மாறியது என்று பல கல்லூரிகள் நேராகவே கேட்கும். எம்கேட் எண் மட்டும் ஏறி, மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் விண்ணப்பத்துக்கு அங்கே எடை குறைவு. அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் நீட், ஐஐடி மனநிலையில் எண்ணை மட்டும் துரத்தச் சொல்வதுண்டு. குழு வழியில் அது பாதி வேலைதான்.

## பிரிட்டன்: பழையது கணக்கில் இல்லை, பள்ளித் தேர்வு கணக்கில் உண்டு

பிரிட்டனின் மருத்துவ நுழைவுத் தேர்வான யூகேட் இடைப்பட்ட ஒன்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை நடக்கும் ஒரு பருவத்தில் ஒரே முறைதான் எழுதலாம். மதிப்பெண் அந்தச் சேர்க்கை ஆண்டுக்கு மட்டும் செல்லும். அடுத்த ஆண்டு மறுபடி எழுதலாம், எத்தனை ஆண்டு வேண்டுமானாலும். பழைய எண்கள் பல்கலைக்கழகங்களுக்குப் போவதில்லை.

கண்டிப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஏ லெவல் எனும் பள்ளி இறுதித் தேர்வின் பாடங்களை மறுபடி எழுதி மதிப்பெண் உயர்த்தியவர்களைச் சில மருத்துவப் பள்ளிகள் ஏற்பதில்லை. சில, தக்க காரணம் காட்டினால் மட்டும் ஏற்கின்றன. வேறு சில, முதல் முறையில் குறிப்பிட்ட தரம் எடுத்திருந்தால் பார்க்கலாம் என்கின்றன. நுழைவுத் தேர்வை நான்கு ஆண்டு எழுதியவரைக் கேட்காத கல்லூரி, வேதியியலை இரண்டு முறை எழுதியவரைக் கேட்கிறது.

## எண்ணிக்கைக்கே பூட்டு போட்டவர்கள்

குழு வைத்து எடைபோடாமல், விதியாகவே வரம்பு வைக்கும் வழியும் உண்டு.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு, பள்ளி இறுதித் தேர்வான க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். மருத்துவ பீடத்துக்கு உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் பெற்ற இசட் புள்ளிதான் (பாடங்களின் கடின வேறுபாட்டைச் சமன்செய்து கணக்கிடும் மதிப்பெண்) அளவு. அனுமதியைத் தீர்மானிப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 விழுக்காடு, மாவட்ட அடிப்படையில் 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5. முதல் தடவையா மூன்றாம் தடவையா என்று இசட் புள்ளியில் எழுதியிருக்காது. ஆனால் மூன்றாம் தடவையோடு கதவு மூடிவிடும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் டியூட்டரி வகுப்புகளில் மூன்றாம் தடவைக்காரர் படும் மன அழுத்தம் நீட் ரிப்பீட்டருக்குத் தெரியாத ஒன்று.

பிரான்சில் மருத்துவம் முதலாண்டின் இறுதியில்தான் வடிகட்டல். பழைய முறையில் அந்த முதலாண்டை மறுபடி படிக்கலாம், ஏராளமானோர் படித்தார்கள். 2020 சீர்திருத்தம் முதன்மை வழியில் அந்த மறுபடிப்பை நீக்கிவிட்டது. வேறொரு பட்டப்படிப்பு வழியாக இன்னொரு முறை முயலலாம், மொத்தம் இரண்டு வாய்ப்புகள். இந்தியாவிலேயே ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுதலாம். 2024 நவம்பரில் அதை மூன்றாக்குவதாக அறிவித்து, சில நாள்களிலேயே பின்வாங்கினார்கள்.

## உள்ளே போன பிறகு எண்ணத் தொடங்குகிறார்கள்

நீட் எத்தனை முறை எழுதினாலும் கேட்காத அதே இந்திய அமைப்பு, கல்லூரிக்குள் நுழைந்ததும் கறாராகிவிடுகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறைப்படி, எம்.பி.பி.எஸ். முதலாண்டுத் தேர்வில் தேறுவதற்கு நான்கு முயற்சிகள் மட்டுமே. படிப்பு முழுவதையும் சேர்ந்த நாளில் இருந்து ஒன்பது ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். நீட்டில் நான்காம் முறை வென்று உள்ளே வந்தவருக்கும் முதல் முறையே வந்தவருக்கும் இந்தக் கடிகாரம் ஒன்றே.

வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு எண்ணிக்கை இன்னும் முக்கியம். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் ஒவ்வொரு நிலைக்கும் அதிகபட்சம் நான்கு முயற்சிகள். முதல் நிலைக்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும். தேறிய தேர்வை மதிப்பெண் உயர்த்துவதற்காக மறுபடி எழுத விடமாட்டார்கள். தோற்ற ஒவ்வொரு முயற்சியும் பதிவேட்டில் நிற்கும், மேற்பயிற்சிக்கு ஆள் எடுக்கும் மருத்துவமனைகள் அதைப் பார்க்கும். அங்கே பல இடங்களில் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும் என்பது விண்ணப்பத்தைத் திறக்கும் முன்னரே போடப்படும் வடிகட்டி. வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குப் பிரிட்டன் வைக்கும் பிளாப் தேர்வுக்கும் நான்கு முயற்சி வரம்பு உண்டு.

இந்தப் படிவங்கள் எதிலும் நீட் எத்தனை முறை எழுதினீர்கள் என்ற கட்டம் கிடையாது. கேட்கப்படுவது மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஆண்டும் முடித்த ஆண்டும், நடுவில் இடைவெளி இருந்தால் அதற்கான காரணமும்.